கவுன்ட்டர் அக்கா வைத்த பெயர்கள்

மாலைக் கல்லூரியில் அவளுக்குக் கவுன்ட்டர் அக்கா என்று பெயர் விழுந்ததற்கு இரண்டு காரணம் சொல்வார்கள். பகலெல்லாம் அவள் பார்சல் ஆபீஸ் கவுன்ட்டரில் நின்று வேலை பார்த்தாள் என்பது ஒன்று. இன்னொன்று முதல் பருவத்தில் நடந்தது. லேப் மேடம் பலகையில் ஒரு புரோகிராமை எழுதிப் போட்டு, "ஒவ்வொரு சுத்துக்கும் எண்ணிக்கை வெக்கிற இந்தக் கவுன்ட்டர் ஒண்ணொண்ணா ஏறும், கவனிங்க" என்றார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல், "அக்கா, நீங்க ஏறுவீங்களாம்" என்றது. வகுப்பே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. "சம்பளம் ஏறட்டும்டா, நான் ஏறி என்ன ஆகப்போகுது" என்றாள் அவள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் பிறகு உதிரவே இல்லை. வருகைப் பதிவில் சொந்தப் பெயரைக் கூப்பிட்டால் அவளுக்கே ஒரு கணம் யாரையோ கூப்பிடுவது போல இருக்கும்.

வகுப்பிலுள்ள மற்றவர்களைவிட அவள் பத்து வயதாவது மூத்தவள். லேப் மேடமே அவளைவிடச் சின்னவர்தான். மற்றவர்களை "நீ" என்று அதட்டுகிற மேடம் இவளை மட்டும் "நீங்க" போட்டுத் திட்டுவார். "இதைக்கூட நீங்க செஞ்சுட்டு வர மாட்டீங்களா?" மரியாதையோடு வாங்குகிற திட்டு இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போய்த் தைக்கும்.

அவள் படித்தது கிராமத்துப் பள்ளிக்கூடத்தில். முழுக்கத் தமிழில்தான். கணக்கில் நல்ல மார்க். கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருந்த சமயத்தில், லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த அப்பா இடுப்பு பிசகிப் படுக்கையானார். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அடுத்த வருஷம் என்ற அந்த ஒரு வார்த்தையிலேயே பல வருஷம் ஓடிவிட்டது. பார்சல் ஆபீஸில் மூட்டை பிரிக்கிற பகுதியில் சேர்ந்தாள். கல்யாணம் ஆயிற்று, கணவன் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன். கவுன்ட்டருக்கு மாற்றினார்கள். மாலைக் கல்லூரி விளம்பரம் ஒட்டிய சுவரைத் தாண்டித்தான் தினமும் பஸ் ஏறுவாள். ஒருநாள் தாண்டிப் போகாமல் நின்று படித்தாள். கணினி அமைப்பு, வலையமைப்பு, வலைப்பக்க நிரலாக்கம் என்று பாடங்களின் பெயர்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஒன்றும் புரியவில்லை. புரியாததனாலேயே சேர்ந்தாள் என்று கணவன் இன்றைக்கும் கேலி செய்வான்.

முதல் பாடத்தில் பழைய கணினி ஒன்றைத் திருகாணி கழற்றித் திறந்து காட்டினார்கள். கண்ணாடித்திரைதான் கணினி என்று இத்தனை நாள் நினைத்திருந்தவள், கால்மாட்டில் கிடந்த பெட்டிதான் ஆள், திரை வெறும் முகம் என்று தெரிந்ததும் வீட்டுக்குப் போய் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

வலையமைப்பு அவளுக்குச் சொந்தக்காரர் வீடு மாதிரி இருந்தது. அனுப்புகிற முகவரி, பெறுகிற முகவரி, நடுவில் கை மாறுகிற இடங்கள் எல்லாம் பார்சல் ஆபீஸ் சமாச்சாரம்தான். ஒரே ஒரு விஷயம் மட்டும் அவளுக்குச் செரிக்கவில்லை. "ஒரு பார்சலைப் பிச்சு நாலாக்கி நாலு வழியில அனுப்புவாங்களாம். ஒரு துண்டு தொலைஞ்சா, தொலைஞ்சதை மட்டும் மறுபடி அனுப்புவாங்களாம். யாரும் யாரையும் கேக்க மாட்டாங்களாம்" என்று கணவனிடம் புலம்பினாள். "எங்க ஆபீஸ்ல இப்படிச் செஞ்சா மேனேஜர் என்னையே நாலாப் பிச்சு அனுப்பிருவாரு."

மூன்றாவது பாடத்தில்தான் அவள் சிக்கிக்கொண்டாள். வலைப்பக்கத்துக்கு நிரல் எழுதுவது. மேடம் எழுதிப் போடும் நிரலில் பார்த்த இடமெல்லாம் ஆங்கிலப் பெயர்கள். எது மெஷினுக்குச் சொந்தமான சொல், எது எழுதியவர் தன் வசதிக்கு வைத்த பெயர் என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. எல்லாமே மந்திரம் மாதிரி இருந்தது. ஒரு எழுத்து பிசகினால் குற்றமாகிவிடும் என்று அப்படியே பார்த்துப் பார்த்து எழுதினாள். ஒரு தடவை 'ஃப்ளாக்' என்று ஒரு பெயர் வந்தது. திரையில் எங்கேயோ கொடி பறக்கப்போகிறது என்று வெகுநேரம் காத்திருந்தாள்.

"அது சும்மா ஒரு பேருங்க" என்றார் மேடம். "உள்ள ஒரு மதிப்பை வெக்கிற டப்பா. டப்பாவுக்கு என்ன பேரு வேணாலும் வெக்கலாம். மெஷினுக்குக் கவலையே இல்லை."

"என்ன பேரு வேணாலுமா மேடம்?"

"என்ன பேரு வேணாலும்."

மேடம் அதை ஒரு பேச்சுக்குச் சொன்னார். இவள் அதை வாக்காகவே எடுத்துக்கொண்டாள். கணவன் புது வீட்டு ஸ்விட்ச்போர்டில் பேனாவால் 'மாடி', 'மோட்டார்', 'வாசல்' என்று எழுதி ஒட்டுவதை அவள் பார்த்திருக்கிறாள். எழுதாமல் விட்டால் மறுநாள் நானே முழிப்பேன் என்பான். அவளும் எழுதி ஒட்டத் தொடங்கினாள். ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயர்கள். மொத்தத் தொகைக்கு motham. எடைக்கு edai. இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிற டப்பாவுக்கு irukka. மெஷினுக்குச் சொந்தமான சொல்லெல்லாம் ஆங்கிலத்தில் இருக்க, இவள் வைத்ததெல்லாம் தமிழில் இருக்க, முதன்முறையாக இரண்டும் அரிசியும் உமியும் போலத் தனித்தனியாகத் தெரிந்தன. அன்றைக்கு எழுதிய நிரல் முதல் தடவையிலேயே ஓடியது. அவள் அதை நம்பாமல் நாலு தடவை ஓட்டிப் பார்த்தாள்.

பையன்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு இரண்டொருவர் அதையே செய்தார்கள். மேடத்துக்குத்தான் பிடிக்கவில்லை.

"நாளைக்குக் கம்பெனியில வேற யாராவது இதைப் படிக்கணும். அவங்களுக்குத் தமிழ் தெரியாதுன்னா என்ன பண்ணுவாங்க?"

"நாளைக்கு வர்றவங்க இருக்கட்டும் மேடம். இன்னைக்கு எனக்கே புரிய மாட்டேங்குதே."

மேடம் பெருமூச்சு விட்டார். "பரீட்சைக்கு மட்டுமாவது மாத்திடுங்க. வெளியிலருந்து வர்ற எக்ஸாமினர் எப்படிப்பட்டவரோ."

இதற்கிடையில் பார்சல் ஆபீஸில் ஒரு நாற்காலி காலியாயிற்று. கவுன்ட்டருக்குப் பின்னால் கண்ணாடி அறை ஒன்று உண்டு. சிஸ்டம் ரூம் என்பார்கள். ஆபீஸின் கணினிகள், அவற்றைக் கோத்த வயர்கள், பார்சல் எங்கே போகிறதென்று காட்டும் மென்பொருள் எல்லாம் அங்கேதான். இரண்டு நாற்காலி. ஒன்றில் பெரியவர் ஒருவர். மற்றதில் இருந்தவன் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான். மேனேஜர் அவளைக் கூப்பிட்டார்.

"டிகிரி முடிச்சுட்டீங்கன்னா உங்களையே போட்டுடலாம்மா. இது கடைசிப் பருவம்தானே?"

"ஆமா சார்."

"பாஸ் பண்ணுங்க. இல்லேன்னா வெளியில ஆள் எடுக்கத்தான் வேணும். ரொம்ப நாள் நாற்காலியைச் சும்மா போட்டு வெக்க மேல உள்ளவங்க விட மாட்டாங்க."

எல்லாத் தாளும் எழுதியாயிற்று. மிச்சம் இருந்தது வலைப்பக்கச் செய்முறைத் தேர்வு மட்டும். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு வலைத்தளம் செய்து, எக்ஸாமினர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். அதில் தேறாவிட்டால் அடுத்த தேர்வுக்கு அரை வருஷம். அதற்குள் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார்.

அவளோடு சேர்ந்தவன் 'ஸ்பீடு' என்று பெயர் வாங்கியவன். தட்டச்சு செய்தால் விரல் தெரியாது. சாப்பிடுவது, நடப்பது, பேசுவது எல்லாமே ஓட்டம்தான். "ஐடியா உங்களுது அக்கா, அழகு என்னுது" என்று வேலையைப் பிரித்தான். பார்சல் எண்ணைப் போட்டால், அது எந்தெந்தக் கிளை வழியாகப் போகும் என்று காட்டுகிற பக்கம். வழியைக் கண்டுபிடிக்கிற பகுதி அவளுடையது. கண்டுபிடித்ததைத் திரையில் வரைந்து காட்டுகிற பகுதி அவனுடையது. பெயர்களைத் தமிழிலேயே வைப்பது என்று பேசிக்கொண்டார்கள். ஸ்பீடுக்கு அது விளையாட்டு. அவளுக்கு அப்படி இல்லை. மேடம் சொன்னதை அவளும் யோசிக்காமலில்லை. ஒருநாள் உட்கார்ந்து எல்லாப் பெயரையும் ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்த்தாள். மாற்றி முடித்தபோது தான் எழுதியதே தனக்கு அந்நியமாகிவிட்டது. எக்ஸாமினர் எங்கேயாவது விரலை வைத்து இது என்ன என்று கேட்டால் முழிக்க வேண்டியதுதான். பேசாமல் பழையபடியே விட்டுவிட்டாள்.

தேர்வன்று காலையில்தான் ஸ்பீடு இரண்டு பகுதியையும் ஒன்றாகச் சேர்த்தான். ஒரு எண்ணைப் போட்டு ஓட்டினான். திரையில் பதில் வந்தது.

"ஓடுது அக்கா. தேரே நகந்துடுச்சு."

"இன்னொரு நம்பர் போடேன்டா."

"எல்லாம் ஓடும். வாங்க, கூப்பிடறாங்க."

எக்ஸாமினர் ஒல்லியான மனிதர். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. பரீட்சை நடத்தி நடத்திக் களைத்த முகம். மேடம் சுவரோரமாக நின்றிருந்தார். எக்ஸாமினர் உட்கார்ந்து, அவர்கள் எழுதி வைத்திருந்த மாதிரிப் பட்டியலைப் பார்த்து, உள்ளூருக்குள்ளேயே போகிற பார்சல் ஒன்றின் எண்ணை அடித்தார். பதில் சரியாக வந்தது. பிறகு தூர ஊருக்குப் போகிற ஒரு எண்ணை அடித்தார். 'செல்லும் வழி' என்ற தலைப்பு வந்தது. அதன் கீழே ஒன்றும் வரவில்லை. வெள்ளைவெளேரென்று இருந்தது.

மறுபடி அடித்தார். மறுபடி வெள்ளை.

"காலையில வந்துச்சு சார்" என்றான் ஸ்பீடு. காலையில் அவன் போட்டதும் உள்ளூர் எண்தான். உள்ளூர்ப் பார்சலுக்கு வழியே தேவையில்லை என்பது அப்போதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது.

"எப்பவும் காலையில வந்திருக்கும்" என்றார் எக்ஸாமினர். நிரலைத் திறக்கச் சொல்லி மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நின்றார்.

"வலின்னு ஒண்ணு இருக்கே. யாருக்கு வலி?"

"அக்காவுக்குத்தான் சார், நின்னு நின்னு கால்ல" என்று ஸ்பீடு வாய் தவறி உளறிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"அது வளி சார்" என்றாள் அவள். "பார்சல் போற வளி."

எக்ஸாமினர் அவளை நிமிர்ந்து பார்த்தார். மேடத்தையும் பார்த்தார். மேடம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அஞ்சு நிமிஷம் தர்றேன். பக்கத்து டீமைப் பாத்துட்டு வர்றேன். எங்க தப்புன்னு கண்டுபிடிச்சு வெய்யுங்க" என்று எழுந்து போனார்.

ஸ்பீடு விசைப்பலகை மேல் பாய்ந்தான். அரைப்புள்ளி விட்டுப்போயிருக்கிறதா, அடைப்புக்குறி மூடியிருக்கிறதா என்று மேலும் கீழும் ஓடினான். திரையில் சிவப்பாக எந்தப் பிழையும் காட்டவில்லை. பிழை காட்டினாலாவது பிடித்துவிடலாம். ஒன்றுமே சொல்லாமல் வெறுமையாக நிற்கிற நிரலை என்ன செய்வது.

"தள்ளுடா" என்றாள்.

ஆபீஸில் பார்சல் காணாமல் போனால் அவள் கிளை கிளையாகப் போன் போடுவாள். உங்களிடம் வந்ததா, உங்களிடமிருந்து போனதா என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போனால், வந்தது ஆனால் போகவில்லை என்று ஒருவர் சொல்கிற இடத்தில் அது கிடக்கும். மேடமும் வகுப்பில் இதையே வேறு வார்த்தையில் சொல்லியிருக்கிறார். நிரலில் இடையிடையே ஒரு வரி போட்டு, அந்த இடத்தில் டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று மெஷினைக் காட்டச் சொன்னாள். அவளுடைய பகுதி முடிகிற இடத்தில் கிளைகளின் பெயர் ஒழுங்காக வந்தது. ஸ்பீடுடைய பகுதி தொடங்குகிற இடத்தில் டப்பா காலி.

"நான் வெச்சது உன்கிட்ட வரலைடா. நடுவுல எங்கேயோ விழுந்திருக்கு."

"நடுவுல ஒண்ணுமே இல்லையேக்கா. நீங்க வெச்சதும் வளி, நான் எடுக்கறதும் வளி."

"சொல்லு, என்ன பேரு வெச்சே?"

"வளி."

"நானும் வளிதான்."

இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார்கள். காதுக்கு ஒரே பெயராகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் 'மழை'யை 'மளை' என்று படித்ததற்கு அவள் பெஞ்ச் மேல் ஏறி நின்றிருக்கிறாள். ழ அன்றைக்கும் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. ஸ்பீடு வாயிலும் ழ வராதுதான். ஆனால் போனில் ஆங்கில எழுத்திலேயே தமிழ் அரட்டை அடித்துப் பழகிய அவன் விரலுக்கு, ழ வருகிற இடத்தில் zh தானாக வந்துவிடும்.

அவள் திரையில் விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். அவள் பகுதியில் vali. அவன் பகுதியில் vazhi.

அவள் vali என்ற டப்பாவில் வைத்தாள். அப்படி ஒரு டப்பா இல்லையே என்று மெஷின் கேட்கவில்லை. பேசாமல் புதிதாக ஒன்றைச் செய்து அதில் வாங்கி வைத்துக்கொண்டது. அவன் vazhi என்ற டப்பாவைத் திறந்து பார்த்து, காலி என்று திரும்பினான்.

"அட, சப்பை மேட்டரு" என்றான் ஸ்பீடு. அவள் வாயைத் திறப்பதற்குள், எல்லாக் கோப்பிலும் vali என்று இருப்பதையெல்லாம் vazhi என்று மாற்று என்று ஒரே தட்டில் கட்டளை கொடுத்துவிட்டான். பக்கத்தைப் புதுப்பித்தான். எண்ணை அடித்தான். பொத்தானை அழுத்தினான்.

இப்போது தலைப்புகூட வரவில்லை. பொத்தான் செத்துக் கிடந்தது.

அதே நேரத்தில் எக்ஸாமினர் திரும்பி வந்து பின்னால் நின்றார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, எண் அடிக்கிற கட்டத்துக்குள் மங்கலாகத் தெரிந்த குறிப்பை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"என்டர் எ... வழிட் நம்பர்?"

valid என்ற ஆங்கிலச் சொல்லுக்குள்ளும் ஒரு vali உட்கார்ந்திருந்தது. ஸ்பீடின் கட்டளை அதையும் விட்டுவைக்கவில்லை. எண் சரிதானா என்று பார்க்க மெஷினிடமே இருக்கிற ஒரு சொல்லுக்குள்ளும் அது இருந்தது. அதையும் திருத்திவிட்டதால் மெஷினுக்கே தன் சொல் அடையாளம் தெரியவில்லை. சுவரோரமாக நின்ற மேடம் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டார். எக்ஸாமினரின் உதட்டோரமும் லேசாக அசைந்தது.

"சார், இன்னும் கொஞ்சம் நேரம்" என்றாள் அவள். ஸ்பீடைப் பார்க்காமலே, "மாத்தினதையெல்லாம் திரும்பப் போடு" என்றாள்.

"அக்கா, நானே இப்ப..."

"திரும்பப் போடுடா."

போட்டான். பிறகு அவளே உட்கார்ந்தாள். ஒவ்வொரு vali-யாகத் தேடச் சொல்லி, ஒவ்வொன்றின் முன்பும் நின்று, இது என் வழி, இது மெஷின் சொல், இது குறிப்பு என்று முணுமுணுத்தபடி, தன்னுடையதை மட்டும் மாற்றினாள். ஸ்பீடு பக்கத்தில் ஒற்றைக்காலில் நின்று நகத்தைக் கடித்தான். எக்ஸாமினர் கடிகாரத்தைப் பார்த்தார், ஆனால் நகரவில்லை.

தூர ஊர் எண்ணை அடித்தாள். தலைப்பு வந்தது. அதன் கீழே ஒன்றன்பின் ஒன்றாகக் கிளைகளின் பெயர் இறங்கியது.

எக்ஸாமினர் இன்னும் இரண்டு எண் போட்டுப் பார்த்தார். வந்தன. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இங்கிலீஷ்ல பேரு வெச்சிருந்தா இந்தத் தப்பு வந்திருக்குமா?"

"வந்திருக்காது சார்."

"பின்ன ஏன்?"

"இங்கிலீஷ்ல வெச்சிருந்தா எந்த டப்பாவுல என்ன இருக்குன்னு எனக்கே தெரிஞ்சிருக்காது சார். மாத்திப் பாத்தேன். படிக்க முடியலை."

"நாளைக்கு வேற ஒருத்தர் இதைத் திருத்தணும்னா? தமிழ் தெரியாதவரை விடுங்க. தமிழ் தெரிஞ்ச உங்க ரெண்டு பேருக்கே ஒத்துப்போகலையே."

"அது சரிதான் சார்" என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டு, நிரலின் நடுவில் ஏதோ ஓரிடத்தில் விரலை வைத்தார். "இது என்ன?" சொன்னாள். "இது?" சொன்னாள். "இது எதுக்கு இங்க இருக்கு, மேல இருக்கக் கூடாதா?" கொஞ்சம் யோசித்து, மேலே இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பழைய கிளைகளும் சேர்ந்துகொள்ளும் என்றாள். அவர் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார். போகிற போக்கில் மேடத்திடம் மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். அது நல்லதா கெட்டதா என்று மேடத்தின் முகத்திலிருந்து தெரியவில்லை.

தேர்வு முடிவு வந்தபோது அவள் தேறியிருந்தாள். எல்லாத் தாளிலும் நல்ல மார்க். செய்முறையில் மட்டும் விளிம்பில் தப்பித்த மார்க். ஸ்பீடுக்கும் அதே மார்க்.

"உங்க ழ-வால எனக்கு முதல் கிளாஸ் போச்சுக்கா" என்று போனில் அழுதான்.

"உன் அவசரத்தால எனக்குப் பாதி உசுரு போச்சு. வெய்டா போனை."

அம்மாவிடம் சொன்னபோது அம்மா கேட்டது ஒரே கேள்வி. "உக்காந்து செய்யற வேலையா?"

"உக்காந்துதாம்மா."

"அப்பப் படிச்சது சரிதான்."

மேனேஜர் சொன்ன சொல் மாறவில்லை. கவுன்ட்டருக்குப் புதிதாக வந்த பெண்ணுக்கு வேலை சொல்லிக் கொடுத்துவிட்டு, அவள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு சிஸ்டம் ரூமுக்குள் போனாள். குளிராக இருந்தது. நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்வது எப்படி என்று தெரியாமல், முதல் நாள் முழுக்கக் கால் தரைக்கு எட்டாமலே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் பெரியவர் அவளுக்குப் பார்சல் மென்பொருளின் நிரலைத் திறந்து காட்டினார். அவள் ஆவலாகக் குனிந்தாள். ஆங்கிலப் பெயர்களாகத்தான் இருக்கும், பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்று மனதைத் தேற்றி வைத்திருந்தாள். திரை முழுக்க a, aa, aaa, x, x1, xx1 என்று ஓடியது. எந்த ஊர்ப் பாஷையிலும் சேராத பெயர்கள்.

"சார், இந்த aaa-ன்னா என்ன?"

"தெரியாதும்மா. எழுதினவர் எப்பவோ போயிட்டாரு. ஓடிட்டிருக்கு, தொடாதீங்க."

"தொடலை சார். சும்மா பாக்கறேன்."

பெரியவர் டீ குடிக்கப் போனார். அவள் நிரலை வேறொரு பெயரில் நகலெடுத்துக்கொண்டாள். அந்த நகலில், aaa முதன்முதலாக வருகிற வரிக்குக் கீழே, டப்பாவுக்குள் என்ன இருக்கிறதென்று காட்டச் சொல்லி ஒரு வரி போட்டாள். ஒரு பார்சல் எண்ணை அடித்துவிட்டுக் காத்திருந்தாள்.